சுவர்ப் பிரிவுக்கு ஆள் இல்லை

நாய் உரிம அலுவலகத்தை நவீனப்படுத்துவது என்று மேலிடத்தில் முடிவானபோது தலைமை எழுத்தர் உள்ளபடியே மகிழ்ந்தார். நவீனம் என்றால் புது நாற்காலி என்று நினைத்துக்கொண்டார். வந்தது உத்தரவு. எழுத்தர்கள் அனைவரும் இனி அவரவர் இல்லத்திலிருந்தே கணினி வாயிலாகப் பணியாற்ற வேண்டும். காலையில் திரையில் முகம் தெரியாதவர் பணிக்கு வராதவராகவே கருதப்படுவார். இருந்த பழைய நாற்காலியும் போயிற்று.

அவருக்குப் பதவி உயர்வு வரவேண்டிய நேரம் அது. இந்த நேரத்தில் முகம் தெரியாமல் போனால், இத்தனை வருஷமாக யாருக்கும் எதையும் சட்டென்று கொடுத்துவிடாமல் கட்டிக்காத்த நல்ல பெயர் என்னாவது?

வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. மகள் படிக்கும்போது வாங்கியது. அவள் கல்யாணமாகிப் போனபிறகு பின்னறையில் அதன்மேல் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. இணைப்புதான் இல்லை.

"ஒரு வயர் இழுத்தா முடிஞ்சுது," என்றாள் மனைவி.

அவளுடைய தம்பி குறுக்கே வந்தான். புதிதாக எது கடைக்கு வந்தாலும் முதல் ஆளாக வாங்கி, முதல் ஆளாகப் பழுதுபார்க்கவும் கொடுப்பவன்.

"வயரா? மாமா, வயர் தெரியுற வீட்டுக்கு இந்தக் காலத்துல மனுஷன் வருவானா? எல்லாம் வைஃபை. எங்க வீட்டுல மேசை விளக்குக்கே வயர் கிடையாது."

"எரியுதா?"

"எரியாதுக்கா. ஆனா பார்க்க அம்சமா இருக்கும்."

மனைவியையும் பகைத்துக்கொள்ள முடியாது, நாகரிகத்தையும் பகைத்துக்கொள்ள முடியாது. தலைமை எழுத்தர் இணைப்பு நிலையத்தில் இரண்டுக்கும் சேர்த்து மனுப் போட்டார். வம்பு அங்கேதான் தொடங்கியது.

முதலில் கம்பிப் பிரிவு ஊழியர் ஏணியோடு வந்தார். தெருக் கம்பத்திலிருந்து கறுப்பு வயரை இழுத்து, வீட்டின் வெளிச்சுவரில் ஆணியடித்து, மிச்சத்தைச் சுருட்டித் தொங்கவிட்டு இறங்கினார்.

"இணைப்பு குடுத்தாச்சு சார்."

"கம்ப்யூட்டர் உள்ள இருக்கேப்பா?"

"சுவர் வரைக்கும்தான் நாங்க. சுவருக்கு அந்தப் பக்கம் கம்பியில்லாப் பிரிவு."

கம்பியில்லாப் பிரிவு ஊழியர் ஆட்டுத்தலை மாதிரி இரண்டு கொம்பு வைத்த வெள்ளைப் பெட்டியோடு வந்தார். "இதுல வயரைச் சொருகிட்டா வீடு பூரா காத்துலயே வரும். வயர் எங்க?"

"சுவருக்கு வெளிய."

"உள்ள கொண்டுவரச் சொல்லுங்க. வயரைத் தொட எங்க பிரிவுக்கு அதிகாரம் இல்ல."

"சுவர்ல ஒரு ஓட்டை போட்டா?"

"ஓட்டையெல்லாம் சுவர்ப் பிரிவு சார்."

"அது எங்க இருக்கு?"

"ஆரம்பிச்சாச்சு. ஆள்தான் இன்னும் போடல."

தலைமை எழுத்தருக்குக் கோபம் வரவில்லை, மரியாதைதான் வந்தது. வேலையை இவ்வளவு நேர்த்தியாகப் பங்குபோட்ட நிர்வாகத்தை அவர் தம் அலுவலகத்தில்கூடக் கண்டதில்லை.

மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. "ஜன்னல் திறந்துதானே கெடக்கு? அது வழியா விட்டா என்ன?"

ஊழியர் இரக்கத்தோடு சிரித்தார். "ஜன்னல் வழியா வந்தா நாங்க அதை வயராவே எடுத்துக்க மாட்டோம்மா."

"வேற என்னன்னு எடுப்பீங்க?"

"துணி காயப்போடுற கொடின்னு."

கடைசியில் பெட்டியை வெளிச்சுவரிலேயே மாட்டுவதென்று முடிவாயிற்று. தலைமை எழுத்தர் வயரை ஆடாமல் பிடித்துக்கொள்ள, ஊழியர் பெட்டியைக் கொண்டுவந்து அதில் சொருகினார். வயரை அவர் தொடவில்லை. பெட்டி நிலையத்தின் சொத்து, அதற்கு எந்தச் சேதம் வந்தாலும் வாடிக்கையாளரே பொறுப்பு என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அலை சுவரைத் தாண்டவில்லை. சுவர்ப் பிரிவுக்கு ஆள் போடாததுதான் காரணமோ என்னவோ. பின்னறையில் ஒன்றும் தெரியவில்லை. கூடத்தில் பாதி முகம் தெரிந்தது. பாதி முகத்துக்கு அரைநாள் விடுப்பு என்று விதி இருந்தது. கம்ப்யூட்டர் அறை அறையாக நகர்ந்து, கடைசியில் வாசல் கேட்டருகே மேசை போட்டு உட்கார்ந்தது. அதற்கு மின்சாரம் ஜன்னல் வழியாகத்தான் வந்தது. அது வேறு துறை.

அன்று காலை முழு முகம் தெரிந்தது. "பின்னாடி மரமெல்லாம் தெரியுதே, பிரமாதம்," என்று அதிகாரி திரையிலிருந்து பாராட்டினார்.

மரம் தெரிந்தது அதிகாரிக்கு மட்டுமா? தலைமை எழுத்தரும் தெருவுக்குத் தெரிந்தார். நாயோடு போன ஒருவர் நின்றார். "சார்! நீங்க இங்கயா இருக்கீங்க?" கொஞ்ச நேரத்தில் வரிசை தெருமுனையைத் தொட்டது. நாய்கள் குரைத்தன, மச்சான் டோக்கன் கொடுத்தான். கடைக்குப் போய்த் திரும்பிய மனைவியை வரிசை உள்ளே விடவில்லை.

"இது என் வீடுங்க!"

"எல்லாரும் இப்படி ஏதாவது சொல்லிக்கிட்டுதான் வர்றாங்க. டோக்கன் எங்க?"

திரையில் ஒவ்வொரு மனுவுக்கும் கீழே இரண்டு பொத்தான்: 'வழங்கு', 'நிறுத்திவை'. தலைமை எழுத்தர் நாள் முழுக்க இரண்டாவதையே அழுத்தினார். முதல் பொத்தானுக்கு அவர் வாழ்க்கையில் அவசியம் நேர்ந்ததில்லை.

இதற்கிடையே மனுதாரர் ஒருவருடைய நாய் வெள்ளைப் பெட்டியின்மேல் காலைத் தூக்கிவிட்டது. தலைமை எழுத்தர் பதறிப்போய் நிலையத்துக்குப் போன் போட்டார். "ஈரம் எங்க பிரிவு இல்ல சார்," என்று பதில் வந்தது.

ஆகவே வானம் இருட்டிக்கொண்டு மழை கொட்டியபோது, பெட்டிக்காகத் தாம் போட்டுக்கொடுத்த கையெழுத்துதான் அவர் கண்முன் நின்றது. குடையை விரித்துப் பெட்டிக்குப் பிடித்தபடி சுவரோடு ஒட்டி நின்றார்.

"ஏங்க, கம்ப்யூட்டர் நனையுது!" என்று கத்தினாள் மனைவி. அவர் அசையவில்லை. வரிசையில் இருந்தவர்களே ஆளுக்கொரு கை கொடுத்துப் பின்னறைக்குத் தூக்கிப்போனார்கள். அவள் விடுவிடுவென்று வந்து பெட்டியிலிருந்து வயரைப் பிடுங்கினாள்.

"ஐயோ, வயரைத் தொடாதே!"

"வயரை யார் தொட்டா? கொடியைத்தான் தொடறேன்."

கொடி ஜன்னல் வழியாக உள்ளே போய்க் கம்ப்யூட்டரின் முதுகில் சொருகிக்கொண்டது. பச்சை விளக்கு எரிந்தது. திரையில் மனுக்கள் மளமளவென்று வந்து நின்றன.

"முதல்ல யாரு?" என்றாள்.

"நான்தாம்மா," என்று ஒரு பெரியவர் வந்தார். "இந்தக் குட்டிக்குப் போட்ட மனு."

குட்டிக்கு வாயில் பல்லே இல்லை. நரைத்த முகத்தோடு அவர் காலடியில் படுத்துக்கொண்டது.

அவள் 'வழங்கு' பொத்தானை அழுத்தினாள். மகளுடைய பழைய பிரிண்டர் முனகிக்கொண்டே உரிமத்தைத் துப்பியது. அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று மழை விடுவதற்குள் வரிசையே தீர்ந்துவிட்டது. அவளுக்குக் கன்னமெல்லாம் சூடாகிவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் யாரும் கிளம்பவில்லை. பெரியவர் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"அம்மா, இது செல்லுமா?"

"செல்லும்."

"இத்தனை வருஷம் அலைஞ்சும் கிடைக்காதது, தட்டினதும் வருதே. எங்கயோ இடிக்குது."

"நம்மள யாரும் திட்டக்கூட இல்ல," என்றார் இன்னொருவர் கவலையோடு.

"மேசைக்கு அந்தப் பக்கம் யாரும் எழுந்து டீ குடிக்கவும் போகல."

சலசலப்பு வலுத்தது. ஒருவர் பின் ஒருவராக வெளியே போய், குடையோடு நின்ற தலைமை எழுத்தர்முன் திரும்பவும் வரிசை கட்டினார்கள். "சார், இதெல்லாம் சரிதானான்னு நீங்க ஒரு பார்வை பார்த்துச் சொல்லிடுங்க."

தலைமை எழுத்தர் குடையை மடக்கினார். முதல் உரிமத்தை வாங்கி மேலிருந்து கீழே படித்தார். கீழிருந்து மேலே படித்தார். திருப்பிப் பார்த்தார். அவர் நெற்றி சுருங்கியது.

"பின்பக்கம் வெறுமையா இருக்கே?"

வரிசை முழுவதும் நிம்மதியாக மூச்சுவிட்டது. "நான் அப்பவே நினைச்சேன்," என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். எல்லாரும் உரிமத்தை அவரிடமே ஒப்படைத்துவிட்டு, மச்சானிடம் புது டோக்கன் கேட்டார்கள்.

பெரியவர் மட்டும் ஜன்னலோரம் திகைத்து நின்ற மனைவியிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மனசுல வச்சுக்காதீங்கம்மா. நீங்க வேலைக்குப் புதுசு. போகப் போகப் பழகிடும்."