ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் கண்ணாடிக்காரர் தானாக எடுத்த முடிவு ஒன்றே ஒன்றுதான். அதையும் படிக்கட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார்.

அவருக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை, மூக்கில் மாட்டுகிற கண்ணாடி. வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, “ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?” என்று கேட்பார். நாள் முழுக்க அதே கேள்விதான். வந்தவர் எப்போது “ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது” என்கிறாரோ, அப்போது டெஸ்ட் முடிந்தது. எழுந்து போகலாம்.

ஊரில் எல்லாரையும் ஒன்றா இரண்டா என்று கேட்கிற மனிதரை வீட்டில் யாரும் எதுவும் கேட்பதில்லை. சட்டை மனைவி எடுத்தது. கட்டில் மனைவி பார்த்தது. போன் நம்பர்கூட மனைவியுடையதுதான் அவருக்கு மனப்பாடம். சொந்த நம்பர் வேண்டுமென்றால் போனைத் தட்டிப் பார்த்துத்தான் சொல்வார்.

மனைவி வீட்டிலேயே பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். அந்தக் கட்டிடம் முழுக்க அவள் தையலக்கா. குரலை உயர்த்திப் பேச மாட்டாள். உயர்த்துகிற அளவுக்கு யாரும் அவளிடம் வைத்துக்கொண்டதும் இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில்தான் கேமரா வந்து குறுக்கே நின்றது.

போன வருஷம் பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் பாப்பாவுக்கு ஓட்டப்பந்தயம். எட்டுப் பேரில் அவள்தான் முதலாவதாக வந்துகொண்டிருந்தாள். கடைசிக் கோட்டுக்குப் பத்தடி முன்னால் அப்பா போனோடு குந்தி உட்கார்ந்து, “பாப்பா இங்க பாரு! அப்பாவைப் பாரு!” என்று கத்தினார். பாப்பா பார்த்தாள். சிரித்தாள். கோட்டை விட்டு வெளியே வந்து நேராக ஓடி அப்பா கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மற்ற ஏழு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் போட்டோவில் பாப்பாவின் மூக்கு ஓட்டை ரெண்டும் மட்டும் நன்றாக விழுந்திருந்தது. அன்றைக்கு அவள் அழுத அழுகைக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

இந்த வருஷம் பந்தயம் சனிக்கிழமை. பாப்பா ஒரு மாசமாக மாடி வராந்தாவில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தாள். ஒரு நல்ல கேமரா வாங்குவது என்று முடிவானது. எந்தக் கேமரா என்பதில்தான் சண்டை.

கண்ணாடிக்காரருக்கு மிரர்லெஸ் கேமரா வேண்டும். உள்ளே கண்ணாடி கிடையாது, லென்ஸைக் கழற்றி மாட்டலாம், எடுத்த ஆள் பளிச்சென்று நிற்க, பின்னால் இருப்பதெல்லாம் பஞ்சு மாதிரி மங்கிப் போகும். தையலக்காவுக்கு சூப்பர்ஜூம் வேண்டும். பிரிட்ஜ் கேமரா என்பார்களே, அது. லென்ஸ் உடம்போடு ஒட்டியது. ஆனால் யானைத் தும்பிக்கை மாதிரி நீண்டு, மைதானத்தின் அந்தக் கோடியில் இருப்பவர் பல் இடுக்கையும் பிடித்துக் காட்டிவிடும்.

“பின்னால எல்லாம் எப்படி மங்கலாகும் தெரியுமா?” என்றார் இவர்.

“மங்கலாத் தெரியுதுன்னு யாராவது வந்தா நீங்க கண்ணாடி மாட்டி அனுப்புவீங்க. அதுக்குன்னே காசு குடுத்து ஒரு கேமராவா?”

“லென்ஸைக் கழட்டி வேற லென்ஸ் மாட்டலாம்மா.”

“நீங்க இதுவரைக்கும் கழட்டினதுல எதைத் திருப்பி மாட்டியிருக்கீங்க? ஃபேன் மூடி எங்க? குக்கர் கைப்பிடி எங்க?”

“தரம்னு ஒண்ணு இருக்கு.”

“தூரம்னு ஒண்ணு இருக்கு. இந்த வருஷம் நீங்க அவ கண்ணுலயே படக்கூடாது. அவ்வளவுதான்.”

அன்றைக்குத்தான் கண்ணாடிக்காரருக்கு ரோஷம் வந்தது. ‘ஆம்பளைன்னு ஒருத்தன் இந்த வீட்டில் இருக்கானா இல்லையா?’ என்று தன்னையே கேட்டுக்கொண்டார். இருக்கிறான் என்று பதில் வந்தது. கொஞ்சம் சன்னமாகத்தான் வந்தது. போன சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நேராகக் கடைக்குப் போய் மிரர்லெஸ்ஸை வாங்கிவிட்டார்.

கடைக்காரப் பையன் பில்லைப் பெட்டிக்குள் போட்டு, “சார், பிடிக்கலைன்னா வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குள்ள கொண்டாங்க, மாத்திக்கலாம். எட்டு ஒண்ணுன்னா முடியாது,” என்றான்.

அந்த எட்டு மணிதான் அவருக்கு எமன். அதற்கு முன்னால் மனைவிக்குத் தெரிந்தால், காதைப் பிடித்துக் கூட்டிப்போய் மாற்ற வைப்பாள். எட்டு தாண்டிவிட்டால் பிரம்மாவே வந்தாலும் மாற்ற முடியாது. அதனால் கேமராப் பெட்டியை நியூஸ்பேப்பரில் சுற்றி, பைக்குள் வைத்து, பை வாயைச் சணல் கயிற்றால் கட்டி, கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்கு அடியில் அவர்கள் வீட்டுக்கென்று இருந்த சாமான் அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஒரு வாரமாக வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கதவைத் திறந்து பையைத் தூக்கிப் பார்ப்பார். கனம் இருக்கும். மனசு இறங்கும்.

வெள்ளிக்கிழமை வந்தது. சாயங்காலம் ஏழு மணி. இன்னும் ஒரு மணி நேரம்.

கண்ணாடிக்காரர் ரெண்டு போட்டோக்களோடு வீட்டுக்குள் நுழைந்தார். ரெண்டிலும் அவர் கடையில் கண்ணாடி மாட்டி வைத்திருக்கும் பொம்மைத் தலை. ஒன்று, பக்கத்து வீட்டு லிஃப்ட் மெக்கானிக்கின் சூப்பர்ஜூமை இரவல் வாங்கி, பாதி விளக்கை அணைத்துவிட்டு, கையைக் கொஞ்சம் ஆட்டி எடுத்தது. இன்னொன்று, வாங்கின அன்றைக்கே எல்லா விளக்கையும் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மிரர்லெஸ்ஸில் எடுத்தது.

தையலக்கா மெஷினில் உட்கார்ந்திருந்தாள். மெஷினுக்குப் பின்னால் புதிதாக ஒரு ஸ்டாண்டு. அதன்மேல் தைத்து முடித்த சீருடை ஒன்று தொங்கியது. தையலுக்கு ஏதோ வாங்கியிருக்கிறாள் என்று நினைத்து, அவரும் தன் சட்டையைக் கழற்றி அதிலேயே மாட்டினார்.

“ஏம்மா, இந்த நாற்காலியில வந்து உட்காரு.”

“எதுக்கு? எனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது.”

“கேமரா சண்டையை இன்னிக்கு முடிச்சிடலாம். எது எந்தக் கேமரான்னு சொல்ல மாட்டேன். நீயே பார்த்துச் சொல்லு. எங்க கடைக்கு வந்த ஒருத்தர் தன் மிரர்லெஸ்ஸைக் குடுத்தாரு, அதுல ஒண்ணு எடுத்தேன்.”

“யாரு அந்த மகராசன்?”

“ஒரு... ரெண்டாம் நம்பர் பவர்காரரு.”

தையலக்கா வந்து உட்கார்ந்தாள். கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமினார். தொழில் ரகசியம் ஒன்று உண்டு. எதைச் சொல்ல வைக்க வேண்டுமோ, அதை ஒரு மூச்சு கூடுதலாகக் காட்ட வேண்டும்.

“ஒண்ணு தெளிவா...” சட்டென்று எடுத்துவிட்டார். “ரெண்டு தெளிவா...?” அப்படியே பிடித்தார்.

“இன்னொரு தடவை.”

காட்டினார். மணி ஏழு பத்து.

“ஒண்ணாவதை எடுத்துக் கிட்ட வைங்க. ஏன் உங்க கை நடுங்குது?”

“குளிரு.”

“ஃபேனே ஓடலையே.”

மணி ஏழு பதினெட்டு. தையலக்கா ரெண்டு போட்டோவையும் வாங்கி, மெஷின் விளக்குக்கு அடியில் வைத்து, தையல் பிரிந்ததைத் தேடுகிற மாதிரி ஓரம் ஓரமாகப் பார்த்தாள். கண்ணாடிக்காரருக்கு வியர்த்தது.

“ரெண்டாவதுதாங்க,” என்றாள் கடைசியில். “மறுபேச்சே இல்ல. பொம்மை அப்படியே உயிரோட இருக்கு.”

கண்ணாடிக்காரர் துள்ளிக் குதிக்காமல் இருக்க நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “அதுதாம்மா மிரர்லெஸ்! நான் சொல்லலை?”

“சொன்னீங்க. எனக்குத்தான் புத்தி இல்ல. சரி, கெளம்புங்க. கடை ஒன்பது வரைக்கும் இருக்கும். இப்பவே போய் வாங்கிடலாம். நானும் வரேன்.”

பிடித்த நாற்காலி கையிலிருந்து நழுவியது. இவள் கடைக்கு வந்தால் போச்சு! அந்தப் பையன் வாசலிலேயே, ‘வாங்க சார், போன வாரம் வாங்கின கேமரா எப்படி ஓடுது?’ என்பான். மணி ஏழு இருபத்தைந்து. மாற்றுவதற்கு முழுசாக முப்பத்தைந்து நிமிஷம் இருக்கிறது.

“நீ எதுக்கும்மா? ஸ்கூட்டர்ல பெட்ரோல் இல்ல.”

“பத்து நிமிஷ நடை. நடப்போம்.”

“பாப்பா தனியா இருப்பாளே?”

“பாப்பாவும் வரட்டும். நாளைக்கு ஓடப்போற காலு, நடந்தா நல்லது.”

“கடையில கூட்டமா இருக்கும்.”

“கேமரா கடையிலயா? என்ன, சும்மாவா குடுக்கிறாங்க?”

“எனக்கு... முழங்கால் வலிம்மா.”

“எந்த முழங்கால்?”

“இடது.”

“வலதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க.”

அவர் கையை மாற்றினார். தையலக்கா அவரையே பார்த்தாள். பிறகு அவள் மெஷினுக்குத் திரும்பினாள்.

“சரி, எனக்கும் நாலு சட்டைக்குக் காலர் வைக்கணும். நீங்களே போயிட்டு வாங்க. முழங்கால் நடக்குமா?”

“நடக்கும், ஓடும்!”

“அவசரப்படாம பார்த்து வாங்குங்க. வீட்டுக்கு வந்தப்புறம் மாத்த முடியாது.”

ஸ்டாண்டிலிருந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கண்ணாடிக்காரர் கீழே இறங்கினார். கடைக்கா போனார்? படிக்கட்டுக்கு அடியில், அலமாரிக்குப் பக்கத்தில், ஒரு உடைந்த ஸ்டூலில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு நாற்பது. முள் நகரவே மாட்டேன் என்றது.

லிஃப்ட் திறந்தது. லிஃப்ட் மெக்கானிக் வெளியே வந்தார்.

“என்ன சார் இங்க? லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது?”

“சும்மா... காத்து வாங்குறேன்.”

“படிக்கட்டுக்கு அடியிலயா?”

“இங்க ஒரு மாதிரி தனிக் காத்து.”

“அப்படித்தான் இருக்கணும். மத்தியானம் தையலக்காவும் இந்த அலமாரியைத் திறந்துக்கிட்டு நின்னாங்க,” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

கண்ணாடிக்காரர் ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்தார். அவளிடம் இன்னொரு சாவி இருப்பதை எப்படி மறந்தார்! பூட்டைத் திறந்தார். மூலையில் புதிதாக ஒரு வெட்டுத்துணி மூட்டை. அப்பாடா, மூட்டை வைக்கத்தான் வந்திருக்கிறாள். பை? வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. தூக்கிப் பார்த்தார். அதே கனம். பிரித்துப் பார்த்துவிடலாமா? பிரித்தால் திரும்பக் கட்டத் தெரியாது. முடிச்சைத் தடவினார். சின்னதாக, சிக்கென்று, பார்க்கவே அழகாக இருந்தது. ‘நம்ம கையா இது!’ என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

ஏழு ஐம்பத்தெட்டு. ஏழு ஐம்பத்தொன்பது. மாடியில் யாரோ கதவைத் திறந்தார்கள். மூச்சை அடக்கினார். மூடிவிட்டார்கள்.

எட்டு.

இன்னும் ஒரு நிமிஷம், பாதுகாப்புக்கு. எட்டு ஒண்ணு! கண்ணாடிக்காரர் எழுந்து நின்று தன் கையைத் தானே குலுக்கிக்கொண்டார். நடந்து போய் வந்த மாதிரி வியர்க்க வேண்டுமே என்று கட்டிடத்தை ஐந்து சுற்றுச் சுற்றினார். எட்டரைக்குப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கல்யாணத்தன்றுகூட நடக்காத நடை நடந்து வீட்டுக்குள் போனார்.

“பாப்பா, ஓடியா! ஏம்மா, வந்து பாரு!”

பாப்பா ஓடிவந்தாள். தையலக்கா நூலைக் கடித்து அறுத்துவிட்டு மெதுவாக வந்தாள். அவர் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். வரவில்லை. தையலக்கா ஒரு இழை இழுத்தாள், வந்துவிட்டது. நியூஸ்பேப்பரைச் சர்ரென்று கிழித்தார்.

பெட்டியின் மேல் ஒரு கேமராப் படம். யானைத் தும்பிக்கை.

கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அப்போதும் தும்பிக்கைதான்.

“ஐயோ!” என்று தையலக்கா கன்னத்தில் கை வைத்தாள். “நான் ரெண்டாவதுதான்னு சொல்லியும், என் மனசுல இருக்கிறதைப் புரிஞ்சுக்கிட்டு இதையே வாங்கிட்டு வந்திருக்கீங்களே! யாருக்கு இப்படி ஒரு புருஷன் கிடைப்பான்?”

“ஆ... ஆமா. உன் மனசு எனக்குத் தெரியாதா.” குரல் அவருக்கே கேட்கவில்லை. “ஆனா ஒருவேளை... கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டானோ?”

“அப்படியா? வாங்க, இப்பவே போய்க் கேட்போம். இன்னிக்கு வாங்கினதுதானே, இன்னும் ஏழு நாள் இருக்கே. பில்லை எடுங்க.”

“பில்லு... பில்லு மெஷின் ரிப்பேர்னு சொன்னான்.”

“பாவம். நல்லவேளை என்கிட்ட இருக்கு.”

மெஷின் இழுப்பறையைத் திறந்து ரெண்டு தாளை எடுத்தாள். அவர் தோளை அழுத்தி அந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். ஒன்று, போன சனிக்கிழமை பில். வாங்கியவர் போன் நம்பர் என்று போட்டிருந்த இடத்தில் தையலக்காவின் நம்பர். கேட்டதும் வாய் தானாகச் சொன்ன நம்பர். இன்னொன்று, இன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்கு மாற்றிய ரசீது. ஒரு சூப்பர்ஜூம், மிச்சத் தொகைக்கு ஒரு முக்காலி ஸ்டாண்டு.

“நீங்க காசு கட்டின கையோட எனக்கு மெசேஜ் வந்துடுச்சு, ‘கேமரா வாங்கியதற்கு நன்றி’ன்னு. இன்னிக்குச் சொல்வாரு, நாளைக்குச் சொல்வாருன்னு ஒரு வாரம் பார்த்தேன்.”

“அப்ப... ரெண்டாவது போட்டோதான் நல்லா இருக்குன்னு சொன்னியே?”

“நல்லாத்தான் இருந்துச்சு, பொம்மைக்கு. பொம்மை ஓடாதுங்க.” மெஷினுக்குப் பின்னால் போய் ஸ்டாண்டிலிருந்த சீருடையை எடுத்தாள். மூன்று காலும் பளபளவென்று நின்றன. “நாளைக்கு நீங்க மைதானத்துல தண்ணித் தொட்டிக்குப் பின்னால, கடைசிப் படியில. இதை விட்டு ஒரு அடி நகரக்கூடாது. பாப்பா, நாளைக்கு ஓடறப்ப அப்பா எங்கன்னு நினைச்சுக்கணும்?”

“வேலைக்குப் போயிருப்பாரு!” என்றாள் பாப்பா.

தையலக்கா ரெண்டு தாளையும் அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். ரெண்டாவதை ஒரு மூச்சு கூடுதலாகவே பிடித்தாள்.

“இப்பச் சொல்லுங்க. ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?”

கண்ணாடிக்காரர் இங்கே பார்த்தார், அங்கே பார்த்தார். தொழிலில் அவர் பொய் சொன்னதே இல்லை.

“ரெண்டும்... ஒண்ணாத்தாம்மா தெரியுது.”

“அப்ப டெஸ்ட் முடிஞ்சுது. எழுந்து சாப்பிட வாங்க. பார்த்து, இடது முழங்கால்.”