பூவராகவன் அளவுக்கு ஒரு ஜீப்

இது நான் கண்ணால் பார்த்ததில்லை. செங்கல்பட்டில் ஜீப் பட்டறை வைத்திருக்கும் ஏசுபாதம் சொல்லக் கேட்டது. அவர் சொன்னபடியே எழுதினால், தணிகைவேல் அன்று கோபத்தில் ஒரு மாட்டுவண்டிச் சக்கரத்தைக் கடித்துவிட்டார். நான் உதைத்தார் என்று எழுதுகிறேன். உதைத்ததற்கு அடையாளமாகக் கால் விரலில் நகம் இல்லை என்கிறார்கள்.

1976, பங்குனி மாதம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். தணிகைவேலுக்கு அங்கே இரண்டு கட்டுமரம், ஒரு மனைவி, ஒரு மகன், ஒரு மகள், அளவில்லாத கோபம். கோபத்துக்குக் காரணம் அரை மைல் மணல். மீன் வந்து இறங்குவது கரையில். ஐஸ் லாரி வந்து நிற்பது ரோட்டில். நடுவில் சவுக்குத் தோப்பும் புதைமணலும். மாட்டுவண்டி அந்த அரை மைலைக் கடப்பதற்குள் வெயில் ஏறிவிடும். லாரியோடு வரும் ஏஜெண்டு மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பான். மூக்கைச் சுளிப்பான். விலையைப் பாதியாக்குவான்.

அன்று அவன் ஒரு வஞ்சிரத்தைத் தூக்கிப் பார்த்து, "இது நேத்து மீனு" என்றான்.

அது காலை ஐந்து மணிக்கு வலையில் துள்ளிய மீன். தணிகைவேல் தன் கையால் பிடித்து அடக்கிய மீன். அவருக்குத் தலை சுற்றியது. ஏஜெண்டை உதைக்க முடியாது, நாளைக்கும் மீன் வாங்க அவன்தான் வர வேண்டும். மாட்டை உதைக்க முடியாது, பாவம். அதனால்தான் சக்கரம்.

உதைத்த வலியில் யோசனை பிறந்தது. மிலிட்டரி ஜீப். ராணுவம் கழித்து ஏலத்தில் விட்ட பழைய ஜீப் வாங்கினால் மணலில் பறக்கும். முழுக்க முழுக்கத் தன் சொந்த யோசனை என்று தணிகைவேல் இன்றைக்கும் சொல்கிறார். கல்பாக்கத்துக்கு மீன் விற்கப் போய் வரும் அவர் மனைவி மீனாட்சி, அங்கே ஓடுகிற ஜீப்புகள் மணலில் நண்டு மாதிரி ஏறுகின்றன என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது தன் காதில் விழவே இல்லை என்றும் சொல்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் முழங்கினார். மீனாட்சி எதிர்த்துப் பேசுவாள் என்று வழியெல்லாம் நான்கு பதில் தயார் செய்து வைத்திருந்தார்.

"ஜீப்பு வாங்கப் போறேன்."

"வாங்கு" என்றாள் மீனாட்சி, மீன் அலசிக்கொண்டே.

நான்கு பதிலும் வீண். அதற்கும் கோபம் வந்தது.

ஜீப்பில் அவருக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. அதுதான் பெரிய கணக்கு. மகன் பூவராகவன். இருபத்தோரு வயது, ஆறடிக்கு ஒரு விரல் குறைச்சல். செங்கல்பட்டில் தொழிற்பயிற்சி படித்து, லாரி ஓட்டிப் பழகி, லைசென்சும் வாங்கியவன். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலைப் பயிற்சிக்கு எழுதிப் போட்டிருந்தான். அங்கே சேர்ந்தால் கரைக்குத் திரும்ப மாட்டான் என்று தணிகைவேலுக்கு உறுதியாகத் தெரியும். பிறகு மரத்தை யார் பார்ப்பது, மீனை யார் ரோட்டுக்குக் கொண்டு போவது? ஒரு ஜீப்பை வாங்கி, ஸ்டீரிங்கில் பையனைக் கட்டிப் போட்டுவிட்டால் தீர்ந்தது.

சிக்கல் ஒன்றுதான். அப்பாவும் மகனும் எட்டு மாதமாகப் பேசுவதில்லை. எழுதிப் போட்ட அன்று தணிகைவேல், "இனிமே உங்கிட்ட பேசினா என் பேரை மாத்திக்கறேன்" என்று சொல்லிவிட்டார். பேர் அவருக்குப் பிடித்த பேர். அதனால் எல்லாப் பேச்சும் மீனாட்சி வழியாக. அப்பா முன்வாசலில் இருந்தால் மகன் கொல்லையில். அப்பா சொல்வதை மீனாட்சி கொல்லைக்குக் கொண்டு போவாள். பதிலை வாசலுக்குக் கொண்டு வருவாள். வீட்டின் நீளம் எட்டடி.

"ஜீப்பு வாங்கினா ஓட்டுவானான்னு கேளு."

மீனாட்சி உள்ளே போனாள். வந்தாள்.

"ஓட்டறவன் சௌகரியத்துக்கு வண்டிய மாத்தித் தந்தா ஆவட்டும்னான்."

தணிகைவேல் தொடையில் தட்டினார். பையன் மசிந்துவிட்டான். பூவராகவன் அன்று முழுக்கச் செங்கல்பட்டில் இருந்தான், கொல்லையில் ஒரு கோழியைத் தவிர யாரும் இல்லை என்பது அவருக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஏசுபாதத்தின் பட்டறையில் மூன்று ஜீப் நின்றன. தணிகைவேலுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. கட்டுமரம் வாங்கும்போது மரத்தைத் தட்டிப் பார்ப்பது வழக்கம். இது இரும்பாயிற்றே என்று உதைத்துப் பார்த்தார். முதல் ஜீப்பை உதைத்ததும் முன் பம்பர் கழன்று விழுந்தது. இரண்டாவது பளபளவென்று புதுப் பெயின்டில் இருந்தது. உதைத்த இடத்தில் பெயின்டோடு ஒரு சாண் தகரமும் பொடியாக உதிர்ந்தது. மூன்றாவது பார்க்கச் சகிக்காது. உதைத்தார். ஜீப் அசையவில்லை. அவர்தான் உட்கார்ந்துவிட்டார்.

"இதான்" என்றார், காலைப் பிடித்துக்கொண்டு.

ஏசுபாதம் எனக்குச் சொன்னது: "அண்ணாத்த கோவத்துலதான் பொறுக்கினாரு. ஆனா சரியாப் பொறுக்கினாரு. அது ஒண்ணுலதான் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்."

பின் சீட்டைக் கழற்றிக் கூடைகள் வைக்கத் தகரத் தட்டு, ஐஸ் தண்ணீர் ஒழுகி ஓட ஓட்டைகள், உப்புக் காற்றுக்கு அடியெல்லாம் சிவப்புப் பூச்சு, மணலில் புதையாத அகல டயர். இதெல்லாம் ஏசுபாதம் சொன்னது. தணிகைவேல் சொன்னது ஒன்றே ஒன்று. அதைச் சொல்ல அவர் பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"டிரைவரு சீட்டை நகத்த முடியாம அடிச்சுடு. காலு மிதிக்கிற கட்டைங்களையும் ஒரே அளவுல வெல்டு வெச்சுடு. என் பையன் ஒடம்புக்கு மட்டும்தான் பொருந்தணும். வேற எவன் குந்தினாலும் ஓட்டக் கூடாது."

ஏன் என்று ஏசுபாதம் கேட்டார்.

"ரெண்டு நாள் ஓட்டிட்டு இன்னொருத்தன் கையில சாவியக் குடுத்துட்டு இவன் கல்பாக்கத்துக்கு ஓடிட்டா? வுடுவனா நானு?"

அளவு வேண்டும் என்றார் ஏசுபாதம். பையனைக் கூட்டி வந்து உட்கார வைத்தால் ஐந்து நிமிட வேலை. கூட்டி வர வேண்டுமானால் கூப்பிட வேண்டும். கூப்பிட வேண்டுமானால் பேச வேண்டும். தணிகைவேல் வீட்டுக்குப் போய் மீனாட்சியிடம் சொன்னார். மீனாட்சி ஒரு நைலான் கயிற்றோடு கொல்லைக்குப் போனாள். இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஒரு முடிச்சு, முழங்காலிலிருந்து குதிகால் வரை ஒரு முடிச்சு, கை நீளத்துக்கு ஒரு முடிச்சு போட்டுக் கொண்டு வந்தாள்.

தணிகைவேல் கயிற்றைத் தூக்கிப் பார்த்தார். வலை பின்னுகிற கைக்கு அளவு தெரியாமல் போகுமா?

"இன்னாடி இது? என் புள்ள காலா, ஆட்டுக்குட்டி காலா?"

"நின்னுகினு அளந்தா நீட்டா இருக்கும். இது குந்திகினு அளந்தது."

"குந்தினா எலும்பு உள்ள பூடுமா?"

"மணல்ல ஓட்டறவன் முட்டிய மடக்கிகினு ஸ்டீரிங்குகிட்ட நெருங்கிக் குந்தணுமாம். காலை நீட்டிகினு குந்தினா வண்டி பொதைஞ்சிடுமாம். உம் புள்ளதான் சொன்னான். உனக்கு நம்பிக்கை இல்லன்னா போய் அவனையே கேளு."

கொல்லையில் பூவராகவன் விசிலடிப்பது கேட்டது. எட்டடி. எழுந்து போய், "காலை நீட்டுடா" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். தணிகைவேல் எழுந்தார். துண்டை உதறினார். மறுபடி உட்கார்ந்துவிட்டார். பேரை மாற்றிக்கொள்வது சின்ன விஷயமா?

கயிறு பட்டறைக்குப் போனது. ஏசுபாதம் அதைச் சீட்டில் பிடித்துப் பார்த்து, இது ஆண்பிள்ளை அளவாகத் தெரியவில்லையே என்று சொல்லியிருக்கிறார். அளவு எடுத்தது பெற்றவள், பெற்றவளுக்குத் தெரியாதது பட்டறைக்காரனுக்குத் தெரியுமா என்று தணிகைவேல் ஸ்பேனரைத் தூக்கினார். ஏசுபாதம் கயிற்று அளவுக்கே வெல்டு வைத்தார்.

ஜீப் தயாராகும் நேரத்தில் கல்பாக்கத்திலிருந்து கடிதம் வந்தது. சித்திரை முடிந்து வருகிற முதல் திங்கட்கிழமை சேர வேண்டும். அன்று மாலை கோயில் வாசலில் ஊர்ப் பஞ்சாயத்தார் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னிலையில் மீனாட்சி மகனிடமிருந்து தூது கொண்டு வந்தாள்.

"ஜீப்பை ஓட்ட வேற ஆளு கெடைச்சா, தன்னைக் கல்பாக்கத்துக்கு வுடுவியான்னு கேக்கறான்."

தணிகைவேலுக்குச் சிரிப்பு வந்தது. பத்து மாதத்தில் முதல் சிரிப்பு. வெல்டு வைத்த சீட்டு அவர் கண்முன் நின்றது.

"அந்த சீட்டுல குந்தி ஓட்டறவன் எவனாவது இந்தக் குப்பத்துல கீறானா? இருந்தா இவன் தாராளமா போவட்டும். பஞ்சாயத்துல சொல்றேன், கேட்டுக்கோங்க."

பஞ்சாயத்தார் கேட்டுக்கொண்டார்கள். அந்தக் குப்பத்தில் பஞ்சாயத்தில் சொன்ன சொல்லை மாற்றினால் ஆறு மாதம் யாரும் கரையில் மரம் தள்ளக் கை கொடுக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏசுபாதமே ஜீப்பைக் கொண்டு வந்தார். முட்டியைக் காதுவரை மடக்கிக்கொண்டு, ஸ்டீரிங்கை மார்பால் திருப்பிக்கொண்டு, செங்கல்பட்டிலிருந்து எப்படியோ வந்து சேர்ந்தார். ஊரே கூடியது. தேங்காய் உடைத்தாயிற்று. நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. மீன் கூடைகள் ஏறிவிட்டன. ரோட்டில் லாரி ஹாரன் அடித்தது.

"அவனை ஏறச் சொல்லு" என்றார் தணிகைவேல்.

"நீயே சொல்லு. எனக்குக் கூடை எண்ணணும்" என்றாள் மீனாட்சி.

லாரி மறுபடி ஹாரன் அடித்தது. ஏஜெண்டு மூக்கைச் சுளிப்பது இங்கிருந்தே தெரிந்தது. தணிகைவேலின் கழுத்து நரம்பு புடைத்தது. பத்து மாதம் உடைந்தது.

"டேய், ஏறுடா!"

பூவராகவன் மறுபேச்சு இல்லாமல் ஏறினான். ஏறினான் என்பதை விட நுழைந்தான் என்று சொல்லலாம். வலது முட்டி ஸ்டீரிங்குக்குள் சிக்கியது. இடது முட்டி தாடையில் இடித்தது. கிளட்சை மிதிக்கக் காலைத் தூக்கினால் ஹாரன் அடித்தது. சீட்டைத் தள்ளிப் பார்த்தான். சீட்டு அசையுமா?

"முட்டி இடிக்குது நைனா" என்றான். பத்து மாதம் கழித்து மகன் அப்பாவிடம் பேசிய முதல் வார்த்தை அது.

ஊர் சிரித்தது. தணிகைவேல் ஏசுபாதத்தைப் பார்த்தார். ஏசுபாதம் கயிற்றைக் காட்டினார். தணிகைவேல் மீனாட்சியைப் பார்த்தார். மீனாட்சி கூட்டத்தைப் பார்த்து, "வச்சலா, வா" என்றாள்.

மகள் வச்சலாவுக்குப் பத்தொன்பது வயது. அப்பாவின் தோள் உயரம். தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு, அண்ணனை இறங்கச் சொல்லிவிட்டு, சீட்டில் உட்கார்ந்தாள். முதுகு சாய்ந்தது. கால் மிதிகட்டைகளில் பதிந்தது. கை ஸ்டீரிங்கில் பொருந்தியது. தைத்துப் போட்ட ரவிக்கை மாதிரி இருந்தது என்றார் ஏசுபாதம்.

"இன்னாடி இது அநியாயம்? பொட்டப் புள்ள ஜீப்பு ஓட்டறதா? போலீசு புடிச்சா?" என்றார் தணிகைவேல்.

வச்சலா இடுப்பிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். லைசென்சு. டைப் அடிக்கக் கற்றுக்கொள்கிறேன் என்று செங்கல்பட்டுக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்தவள் டிரைவிங் ஸ்கூலில் இறங்கியிருக்கிறாள்.

தணிகைவேல் கத்தினார். துண்டைத் தரையில் அடித்தார். பெண்டாட்டி, மகன், மகள், பட்டறைக்காரன் நாலு பேரும் சேர்ந்து கழுத்தை அறுத்துவிட்டதாகச் சொன்னார். வண்டியை இப்போதே கடலில் தள்ளுவேன் என்றார். தள்ளப் போனார். ஜீப் அசையவில்லை. அவர் உதைத்துப் பொறுக்கிய ஜீப்.

மீனாட்சி குரலை உயர்த்தவில்லை.

"பஞ்சாயத்துல இன்னா சொன்ன? அந்த சீட்டுல குந்தி ஓட்டறவங்க இருந்தா அவன் தாராளமா போவட்டும்னு சொன்னியா இல்லியா? பெரியவங்க இங்கதான் கீறாங்க. கேளு."

பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். அதில் ஒருவர், எப்போது புறப்படுகிறாய் என்று பூவராகவனைக் கேட்டேவிட்டார்.

வச்சலா சாவியைத் திருப்பினாள். முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கிற கியரைப் போட்டாள். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. ஜீப் மணலில் ஒரு தரம் உறுமிவிட்டு, சவுக்குத் தோப்புக்குள் வளைந்து ஏறியது. வெயில் ஏறுவதற்குள் கூடைகள் லாரிக்குப் போய்ச் சேர்ந்தன. அன்று ஏஜெண்டு எந்தச் செவுளையும் தூக்கிப் பார்க்கவில்லை. மறுநாள் பூவராகவன் கல்பாக்கம் போனான். போகும்போது அப்பாவிடம் நேராகவே சொல்லிக்கொண்டு போனான். அவரும், "வேளைக்குத் தின்னு" என்று உறுமினார்.

வச்சலா பக்கத்தில் இருக்கும் சீட்டு மீனாட்சிக்கு. தணிகைவேல் தினமும் பின்னால் கூடைகளோடு தகரத்தில் உட்கார்ந்து, ஐஸ் தண்ணீரில் நனைந்து, திட்டிக்கொண்டே போகிறார்.

ஏசுபாதம் சொன்ன கதையில் ஒரே ஒரு இடம் எனக்குச் சரியாகப் படவில்லை. ஜீப் பட்டறையில் கிடந்த நாட்களில்தான் வச்சலா அவசர அவசரமாக வண்டி ஓட்டக் கற்றாள் என்றார் அவர். குப்பத்துக்குப் போயிருந்தபோது கேட்டேன். வச்சலா லைசென்சைக் காட்டினாள். கொடுத்த தேதி 1975 அக்டோபர் 17. தணிகைவேலுக்கு ஜீப் வாங்கும் யோசனை சொந்தமாகத் தோன்றியதற்கு ஐந்து மாதம் முன்பு.