குதிரைக் கழுத்தில் சாமந்தி மாலை

கல்யாண வீட்டில் எல்லாருக்கும் ஒரு நிறைவேறாத ஆசை இருக்கும். அதை மாப்பிள்ளையை வைத்துத் தீர்த்துக்கொள்வார்கள். மாப்பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால், "உனுக்கு ஒன்னும் தெரியாது, சும்மா கெட" என்று அடக்கிவிடுவார்கள். என் கல்யாணத்தில் அந்த ஆசை படாளத்து அத்தைக்கு இருந்தது. அப்பாவின் அக்கா. மாப்பிள்ளை அழைப்புக்கு நான் குதிரையில் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

நான் ஷேர் ஆட்டோவில் ஓரத்தில் உட்கார்ந்தாலே கம்பியை விடாமல் பிடித்துக்கொள்வேன். அச்சரப்பாக்கத்தில் நெல் வியாபாரம் செய்யும் வீட்டில் பிறந்து, சென்னை ஓ.எம்.ஆரில் நாள் முழுக்க நாற்காலியில் உட்காரும் வேலைக்குப் போனவன். அந்த நாற்காலிக்குச் சக்கரம் இருப்பதே எனக்குப் பிடிக்காது.

"கார் போதும் அத்தை" என்றேன்.

"கார்ல எல்லாந்தான் வர்றான். எங்க பக்கத்து வூட்டுப் பையன் மேல தொறந்த கார்ல வந்தான். நீ இன்னா அவனுக்குக் கொறச்சலா?" என்றார் அத்தை. அப்பாவைப் பார்த்தேன். அவர் பந்தல்காரரிடம் ஏதோ அவசரமாகப் பேசப் போய்விட்டார். (அக்காவுக்கு முன்னால் அவருக்கு எப்போதுமே பந்தல்காரரிடம் அவசர வேலை இருக்கும்.)

குதிரைப் பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அது என் மாமனார்.

பெண் வீடு கல்பாக்கம். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம்; வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். பெண் பார்க்கப் போன அன்று மாமனார் என்னிடம், "பொண்ணப் பிடிச்சிருக்கா தம்பி?" என்று நேராகக் கேட்டார். எனக்கு நித்யாவைப் பிடித்திருந்தது. அநியாயத்துக்குப் பிடித்திருந்தது. அந்த அதிர்ச்சியில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பதில் வரவில்லை. மனிதர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். பையனுக்கு முழு மனசு இல்லை, வீட்டில் வற்புறுத்துகிறார்கள் என்று முடிவு கட்டினார். நிச்சயதார்த்தத்தன்று தனியே கூப்பிட்டு மறுபடியும் கேட்டார். தலையை ஆட்டினேன். அந்த ஆட்டல் ஆமாவா இல்லையா என்று அவர்கள் வீட்டில் ராத்திரி விவாதமே நடந்ததாம்.

மாப்பிள்ளை அழைப்புக்கு முன்தினம் நித்யா போன் செய்தாள். "அப்பாவுக்கு இன்னும் சந்தேகம் போகல. உங்க முகத்துல கொஞ்சம் வாட்டம் தெரிஞ்சாலும் கல்யாணத்த நிறுத்திருவேன்னு சொல்றாங்க. வாசல்ல வந்து எறங்கும்போது சிரிச்ச முகமா எறங்குங்க, அது போதும் எனக்கு" என்றாள். சிரித்துக்கொண்டே இறங்குவது என்று சத்தியம் செய்தேன். குதிரை சமாச்சாரத்தை அவளிடம் சொல்லவில்லை, எனக்கே அதை நினைக்கப் பிடிக்காததால்.

மண்டபம் மகாபலிபுரத்தில், கடற்கரைக்குப் போகும் சாலையில். அழைப்பு அன்று சாயங்காலம் அந்தத் தெருக்கோடிப் பிள்ளையார் கோவில் வாசலில் குதிரை நின்றுகொண்டிருந்தது. கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு சுற்றி வரும் பழுப்புக் குதிரை. அதன்மேல் சரிகைத் துணி போர்த்தியிருந்தார்கள். குதிரைக்காரர் பெயர் ஏழுமலை.

"குதிரை பேரு என்னண்ணா?" என்றேன், நட்பை வளர்த்துக்கொள்ளலாம் என்று.

"மின்னலு."

எனக்குத் திக்கென்றது. பேரில் கொஞ்சம் நிதானம் இருந்திருக்கலாம்.

ஏழுமலை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயப்படாத தலிவா. கடிவாளம் எங்கையில கீது. அத்த நீ தொடாத. இழுத்தா அதுக்கு வாய் வலிக்கும், பேஜாரு பண்ணும். கழுத்துல பெல்ட்டு கீதா, அத்த கெட்டியா புடிச்சிக்க. குதிரை துள்ளுனாலும் வுழ மாட்ட" என்றார்.

குதிரையின் கழுத்தைச் சுற்றி, சேணத்துக்குச் சற்று முன்னால், ஒரு கறுப்புத் தோல் வார் இருந்தது. எத்தனையோ பேர் பிடித்துப் பிடித்து வழவழவென்று ஆகியிருந்தது. பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி, இரண்டு பேர் கீழிருந்து தள்ள, மேலே உட்கார்ந்து வாரைப் பிடித்தேன். போன உயிர் திரும்பி வந்தது. இது கையில் இருந்தால் கன்னியாகுமரி வரைக்கும்கூடப் போகலாம் என்று தோன்றியது. சிரித்துப் பார்த்தேன். சிரிப்பும் வந்தது.

அத்தை வந்து குதிரையை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாயா இது, மாப்ள ஏறுற குதிரை கழுத்துல கருப்புப் பட்டை? நல்ல காரியத்துல கருப்ப யாராவது கட்டுவாங்களா? கழட்டு அத்த."

"யக்கா, அது சேஃப்டிக்கு."

"சேஃப்டிய நாளைக்குக் கட்டிக்க. இன்னிக்குக் கல்யாணம்."

என் கையிலிருந்த வாரை, என் கண்ணெதிரிலேயே, கொக்கியைக் கழற்றி உருவினார் அத்தை. (குதிரைக்குப் பக்கத்தில்கூட முன்னே பின்னே போகாதவர். கொக்கியை மட்டும் எப்படித்தான் கண்டுபிடித்தாரோ.) அதே இடத்தில் கெட்டியாக ஒரு சாமந்தி மாலையைப் போட்டார். "இத்த புடிச்சிக்க. போட்டோவுக்கும் லட்சணமா கீது" என்றார். ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் ஏழுமலையைப் பார்த்தேன். மேளம் ஆரம்பித்துவிட்டது.

உண்மையைச் சொன்னால், போன வழி சுகமாகத்தான் இருந்தது. ஏழுமலை கடிவாளத்தைப் பிடித்து முன்னால் நடந்தார். நான் மாலையை இரண்டு விரலால் பட்டும் படாமலும் பிடித்துக்கொண்டு, மாறாத சிரிப்போடு வந்தேன். மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். நடுவில் மாமனார், கையில் மாலை. என் சிரிப்பைப் பார்த்தார். அவர் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. மாடி ஜன்னலில் நித்யா தெரிந்தாள். எல்லாம் கூடி வந்துவிட்டது, இறங்க வேண்டியதுதான் பாக்கி.

அப்போது போட்டோக்காரர், "அண்ணா, கொஞ்சம் தள்ளுங்க, ஃப்ரேம்ல லுங்கி தெரியுது" என்று ஏழுமலையைப் பார்த்துச் சொன்னார். ஏழுமலை கடிவாளத்தைக் குதிரையின் கழுத்தில் போட்டுவிட்டுத் தள்ளி நின்றார்.

மின்னலுக்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்றுதான். கடற்கரையில் ஆளை ஏற்றிக்கொண்டு மெதுவாக நடந்து போகும். எல்லை வந்ததும் நிற்கும். கடிவாளத்தை விட்டதும் தானாகத் திரும்பி ஓட்டமாக ஓடி வரும். திரும்பி வரும்போது ஓடினால்தான் பிள்ளைகள் சிரிக்கும் என்று அப்படிப் பழக்கி வைத்திருந்தார் ஏழுமலை. (இதெல்லாம் அவர் எனக்குப் பிறகு விளக்கியது.) மண்டப வாசலையும் அது எல்லை என்றே எடுத்துக்கொண்டது.

மாமனார் மாலையோடு ஓர் அடி முன்னால் வைத்தார். குதிரை அவரை ஏற இறங்கப் பார்த்தது. திரும்பியது. ஓடியது.

நான் சாமந்தி மாலையை இறுகப் பிடித்தேன். வாழைநார் பட்டென்று அறுந்தது. இரண்டு கையிலும் பூ. கீழே தார் ரோடு போய்க்கொண்டே இருந்தது. என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் நான் குதிரையின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக் கண்ணை மூடியிருந்தேன். பின்னால் நாதஸ்வரம் பாதியில் நின்றது. அந்த அமைதியில் ஒரு பெண் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. "மாப்பிள்ளை ஓடிட்டாரு."

தலைப்பாகை எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. மின்னல் நேராகக் கடற்கரைக்குப் போய், சுண்டல் வண்டி பக்கத்தில், தன் வழக்கமான இடத்தில் நின்றது. சறுக்கி மணலில் விழுந்தேன். அடியில்லை. வாசலில் என்ன நினைத்திருப்பார்கள் என்று அப்போதுதான் புத்தியில் உறைத்தது. மண்டப வாசல் வரைக்கும் வந்து, மாமனார் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடிய மாப்பிள்ளை. நித்யா அதை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். அதை நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணாத்த, புள்ளைய ஒரு ரவுண்டு இட்டுனு போறியா?" என்று கேட்டார். ஷெர்வானியைப் பார்த்தும் கேட்டார். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

என் போன் மண்டபத்தில் என் தம்பியிடம் இருந்தது. நடந்தே போகலாம் என்று எழுந்தபோது ஒரு பைக் மணலில் வந்து சரிந்து நின்றது. நித்யாவின் தம்பி பிரபு. காலேஜ் முடித்திருந்த பையன். அதுவரை என்னோடு நாலு வார்த்தை பேசியதில்லை. இறங்கிய வேகத்தில் என் ஷெர்வானியைப் பின்பக்கமாகக் கொத்தாகப் பிடித்தான்.

"எதுவா இருந்தாலும் உக்காந்து பேசிக்கலாம் அத்தான்" என்றான். பிடியைத் தளர்த்தவில்லை. "எங்கக்கா அழுதிட்டிருக்கா."

"மச்சான், குதிரை ஓடிடுச்சுடா" என்றேன்.

"குதிரை நிக்குதே" என்றான். திரும்பிப் பார்த்தேன். மின்னல் சாதுவாக நின்று, என் கையிலிருந்து உதிர்ந்த சாமந்தியைத் தின்றுகொண்டிருந்தது. அந்த நிலையில் என்னை எந்தக் கோர்ட்டும் நம்பியிருக்காது.

பைக்கின் பின்சீட்டில், அவனுடைய ஒரு கை என் ஷெர்வானியை விடாமல் இருக்க, மண்டபத்துக்குத் திரும்பினேன். வாசலில் அத்தை தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மாமனார் முகம் கறுத்துப்போயிருந்தது. கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "தம்பி, கட்டாயப்படுத்தி ஒரு கல்யாணம் வேண்டாம். எம்பொண்ணு நல்லா இருக்கணும்" என்று மெதுவாகச் சொன்னார்.

அதற்குள் நித்யா படியிறங்கி வந்துவிட்டாள். மை கலைந்திருந்தது. கூட்டத்துக்கு நடுவில் நின்று, "இஷ்டம் இருக்கா இல்லையா, எங்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

என் நாக்கு வழக்கம்போல ஒட்டிக்கொள்ளப் பார்த்தது. இப்போது விட்டால் போச்சு என்று அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தேன். அது மைக் பிடித்தது போல் வந்தது. "பார்த்த அன்னிக்கே பிடிச்சிருச்சு. உன்னத்தவிர யாரையும் கட்டிக்க மாட்டேன். எனக்கு இஷ்டந்தாங்க மாமா. குதிரைக்குத்தான் இஷ்டமில்ல."

நித்யா என் கையைப் பார்த்தாள். விரலில் வாழைநார் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது, அது அறுத்த இடத்தில் ரத்தம் கசிந்தது. குதிரையைப் பிடிக்கக் கடற்கரைக்கு ஓடிவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்த ஏழுமலை, "யக்கா, பெல்ட்ட வுட்டிருந்தா இதெல்லாம் ஆயிருக்காதுல்ல" என்று அத்தையைப் பார்த்துச் சத்தம் போட, அத்தை, "உன் குதிரைக்கு நிக்கத் தெரியாதுன்னு நீ சொன்னியா?" என்று திருப்பிக் கத்த, மாமனார் முதலில் சிரித்தார். நித்யா சிரித்தது அப்புறம். "உள்ள வாங்க" என்றாள்.

மறுநாள் முகூர்த்தம் நல்லபடியாக நடந்தது. ஆனால் பிரபுவுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. மணவறையில் என் பின்னாலேயே குந்தி உட்கார்ந்து, தாலி கட்டி முடியும்வரை என் வேட்டியை விடவில்லை. ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் என் இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கை தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் அது யாருடையது என்று கேட்பார்கள். நித்யா கதையை முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அத்தை இருந்தால், "ஆனாலும் போட்டோ லட்சணமாத்தான் வந்துச்சு" என்று சேர்த்துக்கொள்வார்.

போன மாதம் எங்கள் மகளுக்குக் காது குத்தினோம். பிரபுதான் தாய்மாமன். அவன் மடியில் குழந்தையை உட்கார வைத்தோம். ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. என்னால் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓர் அடி பின்னால் வைத்தேன். வேட்டி எதிலோ மாட்டிக்கொண்டது. குனிந்து பார்த்தேன். பிரபு ஒரு கையால் குழந்தையை அணைத்திருந்தான். இன்னொரு கை என் வேட்டியில் இருந்தது.

"விடுடா மச்சான்" என்றேன்.

"காது குத்தி முடியட்டும் அத்தான்" என்றான்.