கட்டெறும்பு அக்காவின் கிடா

மதுரையில் பல்வலிக்கு இரண்டே மருந்துகள்தான் உண்டு. ஒன்று எங்கள் டாக்டர் கொடுப்பது. இன்னொன்று, டாக்டர் அறைக்கு வெளியே வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கும் கட்டெறும்பு அக்கா. வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகியபடி வருகிறவர்கள், அக்கா நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்ததும் முனகலை விழுங்கிவிடுவார்கள். பாதிப் பேருக்கு வலியே அங்கே நின்றுபோகும்.

கே.கே. நகரில் இருந்த அந்தப் பல் ஆஸ்பத்திரியில் நான் எக்ஸ்ரே எடுக்கச் சேர்ந்தபோதே அவருக்கு அந்தப் பெயர் இருந்தது. கறுத்து மெலிந்த உருவம், விறுவிறுவென்ற நடை, போகிற போக்கில் ஒரு கடி. ஒருமுறை, பல் பிடுங்கி வாய்க்குள் பஞ்சு வைத்திருந்த ஒருவர் செல்போனில் வியாபாரம் பேசிக்கொண்டிருந்தார். அக்கா எழுந்து போய், பஞ்சை எதற்கு வைத்தோம், பேசுவதற்கா என்று கேட்டார். அந்த மனிதர் மறுநாள் வரை வாயைத் திறக்கவில்லை என்று அவர் மனைவி வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். டாக்டரே தாமதமாக வந்தால் பின்வாசல் வழியாகத்தான் நுழைவார்.

அப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை இடது முன்கையில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு வந்தார். உள்ளே கறுப்பாக என்னவோ ஈரமாகத் தெரிந்தது. டாட்டூ என்றார். யாரும் தொடக்கூடாது என்றார். அதற்குமேல் கேட்க அங்கே யாருக்கும் தைரியம் இல்லை.

அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். 'தங்கராசு' என்று பச்சை குத்தியிருந்தது. அவருடைய கணவர் பெயர். கல்யாணமான புதிதில் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் குத்திக்கொண்டதாம். கணவர்தான் ஆசைப்பட்டாராம். அவர் கையில் உங்கள் பெயரைக் குத்தினாரா என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"அவருக்கு ஊசின்னா பயமாம்" என்றார் அக்கா.

ஊசிக்குப் பயந்த அந்த ஆள் பிறகு திருப்பூருக்கு வேலைக்குப் போய், அங்கே இன்னொரு குடும்பத்தை அமைத்துக்கொள்ள மட்டும் பயப்படவில்லை. வருடக்கணக்கில் ஒரு போன் கிடையாது. அக்கா வாடிப்பட்டியில் தனியாக இருந்துகொண்டு, தினமும் பஸ் ஏறி வந்து, அவன் பெயர் எழுதிய கையாலேயே எங்களுக்கெல்லாம் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தப் பெயரின் மேல்தான் இப்போது ஒரு கிடா நின்றது. முட்டுக்கிடா. சுருண்ட கொம்பும் குனிந்த தலையுமாக, ஒரு எழுத்துகூட வெளியே தெரியாமல் முழுவதையும் மறைத்துக்கொண்டு நின்றது.

டாட்டூ போட்ட பையன் சொல்லி அனுப்பியவை சாதாரண விஷயங்கள்தான். கையைக் கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும், வாசனையில்லாத சோப்பால் மெதுவாகக் கழுவ வேண்டும், தேய்க்காமல் ஒற்றியெடுக்க வேண்டும், களிம்பை லேசாகத் தடவ வேண்டும், வெயில் படக்கூடாது, சொறியக்கூடாது. அக்கா இதையெல்லாம் சட்டமாக்கிவிட்டார். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வரும்போது குடையை இடது கைக்கு மட்டும் பிடித்தார். தலை வெயிலில் காய்ந்தது. கிடா நிழலில் வந்தது.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? கூட்டிப் பெருக்கும் அம்மா மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்தார். மாத்திரை சப்ளை செய்ய வந்தவர் தேங்காயெண்ணெய் தடவச் சொன்னார். வாசல் செக்யூரிட்டி அண்ணன், ஆடு நன்றாக இருக்கிறது என்று சொல்லி, ஆடில்லை கிடா என்று வாங்கிக் கட்டிக்கொண்டார். பல் சுத்தம் செய்ய வந்த ஒரு பெண் கேட்காமலே விரலை நீட்டிவிட்டார். தொட்டுப் பார்க்க இது என்ன துணிக்கடையா என்று அக்கா கேட்ட கேள்வியில், அந்தப் பெண் சுத்தம் செய்யாமலே வீட்டுக்குப் போய்விட்டார்.

தோல் உரிய ஆரம்பித்ததும் அரிப்பு வந்தது. அக்காவுக்கு அரிப்பு, எங்களுக்குக் கஷ்டகாலம். சொறிய முடியாத கோபத்தையெல்லாம் எங்கள்மேல் சொறிந்தார். குழந்தையைத் தூங்க வைப்பதுபோல உள்ளங்கையால் கிடாவை மெல்லத் தட்டிக்கொண்டே, எதிரே நிற்பவரை நார்நாராகக் கிழிப்பார். டாக்டர் பயந்து பயந்து நாலு நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். அரிப்பு லீவு என்று எழுதித் தருகிறேன், கையெழுத்துப் போடுவீர்களா என்று அக்கா கேட்டார். டாக்டர் உள்ளே போய்விட்டார். கொம்பில் கறுப்பாகச் செதில் உதிர்ந்த அன்று, கிடாவுக்குக் கொம்பு விழுகிறது என்று டாட்டூ பையனுக்குப் போன் போட்டுக் காய்ச்சினார். உதிர்வது தோல்தான், மை உள்ளே இருக்கிறது, பிய்க்காமல் விடுங்கள் என்று அவன் கெஞ்சினான்.

அந்த நேரம் பார்த்துத்தான் தங்கராசு வந்தான்.

காலை நேரம், இடமில்லாமல் கூட்டம். கூடவே அக்காவின் அண்ணனும் வந்திருந்தார். திருப்பூர்க் குடும்பம் முறிந்துபோனது, மாப்பிள்ளை மனம் திருந்தி வந்திருக்கிறார், பழசையெல்லாம் விட்டுவிட்டுச் சேர்ந்து இரு என்று அத்தனை பேர் முன்னாலும் அண்ணன் பேசினார். அக்கா நிமிரவே இல்லை. டோக்கன் எடுத்துக்கொண்டு உட்காரச் சொன்னார். புருஷன் தேடி வந்து கூப்பிடுகிறான், போனால்தான் என்ன என்று ஈறு வீங்கிய ஒரு பெரியம்மா நியாயம் சொன்னார். அந்த அம்மாளின் எக்ஸ்ரேயை அன்று நான் கடைசியாகத்தான் எடுத்தேன்.

தங்கராசுவுக்கு அதில் தெம்பு வந்துவிட்டது. "என் பேரக் கையில குத்தி வச்சிருக்கவ, எப்படி வரமாட்டேன்னு சொல்லுவா?" என்றபடி மேஜைக்கு மேலாக எட்டி அக்காவின் இடது முன்கையைப் பிடித்து, எல்லோருக்கும் காட்டுவதுபோலத் திருப்பினான். ஆறிக்கொண்டிருந்த பொருக்கு பிய்ந்தது. கொம்பின் ஓரத்தில் ரத்தம் பொட்டுப் பொட்டாக வந்தது.

கூரை பறக்கப்போகிறது என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அக்கா கத்தவில்லை. அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதே இல்லை.

"கையக் கழுவுனியா?"

அவன் விழித்தான்.

"ஒன்னத்தான் கேக்குறேன். ரோட்டுல இருந்து வந்தியே, கையக் கழுவிட்டா தொட்ட?"

அவன் பிடி தானாக விட்டது. அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவன் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"பேரு இருக்குன்னீல, வாசி."

குனிந்து பார்த்தான். அண்ணனும் குனிந்தார். அங்கே வாசிக்க ஒன்றும் இல்லை. "இது என்னது, ஆடா?" என்றான் தங்கராசு.

"கிடாண்ணே" என்று வாசலிலிருந்து செக்யூரிட்டி அண்ணன் மரியாதையாகத் திருத்தினார்.

அக்கா தன் அண்ணனைப் பார்த்தார். "அண்ணே, நீ எப்ப வேணா வா, சோறு போடுறேன். இந்தாளுக்குப் பல்லு வலிச்சா மட்டும் இங்க வரச் சொல்லு. டோக்கன் குடுக்குறேன்."

இருவரும் போனார்கள். அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டு அக்கா எழுந்து உள்ளே போனார். பின்னாலேயே நானும் போனேன். கழுவும் தொட்டி முன்னால் நின்று சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். ஒற்றியெடுத்தார். களிம்பைப் பிதுக்கினார். அது தரையில் விழுந்தது. மறுபடி பிதுக்கினார். மறுபடி விழுந்தது. யாரையும் அண்டவிடாத அந்தக் கையை என் பக்கம் நீட்டினார்.

"நீ போடு. கையக் கழுவிட்டு."

கழுவிவிட்டு வந்து தடவினேன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் நிற்கவில்லை. "லேசா போடு புள்ள. அம்புட்டையும் அப்பாத. இது என்ன தோசைக்கா எண்ணெ ஊத்துற?"

அன்று சாயங்காலம் வழக்கம்போல இருவரும் அரப்பாளையம் வரை ஒன்றாக வந்தோம். அங்கிருந்து எனக்குக் கோச்சடை, அவருக்கு வாடிப்பட்டி. வாடிப்பட்டி வழியாகத் திண்டுக்கல் பக்கம் போகிற பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. அவர் முண்டியடித்து ஏறினார். நானும் ஏறி அவருடைய இடது பக்கம் ஒட்டி நின்று, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மூட்டையும் முழங்கையும் என் முதுகில் இடித்தன.

உன் வீடு கோச்சடை, இந்தப் பஸ்ஸில் உனக்கு என்ன வேலை என்று ஆரம்பித்தார். சமயநல்லூர் தாண்டும்வரை விடவில்லை. வாடிப்பட்டியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

"யாரு அது? எனக்குத் தெரியாத சொந்தம்?"

நான் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, ராத்திரிக்கு வீட்டில் ரசம்தான் இருக்கிறது, அதற்கும் ஏதாவது குறை சொன்னால் தொலைத்துவிடுவேன் என்றார்.

அன்று வரை எனக்கு வாடிப்பட்டியில் யாரும் இருந்ததில்லை.