மாரியம்மனுக்குச் சொல்ல மறந்த ஊர்

தேவிகுளம்,
3-2-1976

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை அழகுத்தாய் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே இவர், அத்தை, குழந்தை எல்லோரும் சுகம். தேயிலைச் செடிகள்தான் சுகமில்லை. கனடாவில் அத்தானும் பூமாரியும் சுகமா? நீ டிசம்பரில் போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதிலா என்று கோபப்படாதே. பையனுக்குப் பல் முளைக்கும் காய்ச்சல். இங்கே அவனுக்கு ஒரு பல் வருவதற்குள், அங்கே ஐஸ் ஹாக்கியில் உன் மகளுக்கு ஒரு பல் போய்விட்டது என்று எழுதியிருக்கிறாய். அதையும் என்னவோ பரிசு வாங்கியதுபோல எழுதி, போட்டோ வேறு அனுப்பியிருக்கிறாய். பெற்றவளா நீ?

அந்தக் கடிதத்தால் வந்த வினையைக் கேள். அமெரிக்காவிலிருந்தெல்லாம் பெண் பிள்ளைகள் வந்து ஆடும் போட்டி, பூமாரிதான் கோல் காக்கிறாள், திறந்தவெளி மைதானம், பிப்ரவரி மாசக் கடைசியில் வெயிலடித்து ஐஸ் இளகினால் போட்டியே நின்றுவிடும், அம்மனிடம் வேண்டிக்கொள் என்று எழுதினாய் அல்லவா? போட்டி நின்றால் நிற்கட்டும், பிள்ளை நிற்கிற இடத்தில் ஐஸ் உடைந்தால் என்ன செய்வது என்றுதான் எனக்குக் கவலை. தாவரவியலில் பி.எஸ்ஸி. வாங்கியவள் என்பதையும் மறந்து, அத்தையோடு எஸ்டேட் மாரியம்மன் கோயிலுக்குப் போய், "தாயே, பூமாரி ஆடி முடிக்கிறவரைக்கும் ஐஸ் இளகாம கல்லாட்டம் இருக்கணும், மாவிளக்குப் போடுறேன்" என்று வேண்டிக்கொண்டேன். அவ்வளவுதான் அக்கா. எந்த ஊரில் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்தால் மலை முழுக்க உப்பைக் கொட்டினதுபோல உறைபனி. வெயில் ஏறியதும் கொழுந்தெல்லாம் கருகிப்போனது. பதினெட்டு நாளாகக் கிள்ளக் கொழுந்தில்லை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாருக்கும் வேலையில்லை. ஜனவரியில் இங்கே இது விழுகிறதுதான், விஞ்ஞானப்படி விளக்கியிருப்பேன். அதற்குள் அத்தை குழாயடியில் வேண்டுதலைப் பெருமையாகச் சொல்லிவிட்டார். கொழுந்து கிள்ளுகிற மூக்கம்மாள் முன்னால் வர, லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் வாசலில்.

"ஏம்மா, ஒங்க அக்கா மக வெளையாட எங்க அடுப்புல பனியக் கொட்டுனீகளாக்கும்?"

"அது இயற்கை மூக்கம்மா. வருஷா வருஷம் விழுறதுதானே?"

"அப்ப எதுக்கு ஆத்தாகிட்டப் போயிக் கேட்டீக?"

என் பி.எஸ்ஸி. பட்டத்தோடு நான் வீட்டுக்குள் போய்விட்டேன்.

பூசாரி கருப்புசாமி தீர்ப்பே சொல்லிவிட்டார்: "வேண்டுனவுகளே வந்து, வேண்டாந் தாயேன்னு திருப்பிக் குடுத்துரணும்." வெள்ளிக்கிழமை கொடுக்கப்போகிறேன். கொடுத்தால் அங்கே பூமாரி காலடியில் ஐஸ் போய்விடும். கொடுக்காவிட்டால் இங்கே அறுபது வீட்டில் மாசக் கடைசிவரை உலை கொதிக்காது. அதனால் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன், பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பாதே. ஒரு கேரம்போர்டு வாங்கிக் கொடு.

அத்தானுக்கு என் வணக்கம். பூமாரி நீண்ட ஆயுளோடும் பாக்கியிருக்கிற பற்களோடும் நன்றாக இருக்கட்டும்.

தூக்கமில்லாத தங்கை,
அழகுத்தாய்

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. அம்மன் முன்னால் "வேண்டாம்" என்று வாயைத் திறந்தேன். மூக்கம்மாள் என் கையிலிருந்த உன் டிசம்பர்க் கடிதத்தின் கவரைப் பிடுங்கி, பூமாரி போட்டோவை உருவினாள். முகமூடி, காலில் மெத்தை, கையில் மட்டை.

"பொட்டப்புள்ளையா இது? அய்யனாரு கணக்கா நிக்கா! இவளையா தோக்க விடுறது? பூசாரி, பனியத் திருப்ப வேண்டாம், அட்ரஸ மாத்தி விடும்!"

உடனே கவர்மேல் எழுதியிருந்த அட்ரஸை அம்மன் காதில் விழும்படி என்னைப் படிக்கச் சொன்னார்கள். நம்பர், தெரு ஒன்று விடாமல் இங்கிலீஷிலேயே படித்தேன். நேற்றிலிருந்து இங்கே நல்ல வெயில். பூமாரி தைரியமாக ஆடட்டும், லயமே அவள் பக்கம். ஒன்றுதான் இப்போது உறுத்துகிறது. நான் படித்தது உன் வீட்டு அட்ரஸ், மைதானத்து அட்ரஸ் இல்லை. காலையில் வாசல்படியில் பார்த்துக் கால் வை, அக்கா.