தெருவே கேட்ட ரகசியச் சாவி

அன்பும் மரியாதையும் நிறைந்த சித்திக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் மூவரும் நலம்; அப்பாவின் வெயில் கண்ணாடி மட்டும் நலமில்லை.

விடுமுறையில் உங்கள் ஆய்வகத்தைப் பார்க்க வரும் மாணவர்களோடு என்னையும் சேர்த்துவிட்டீர்கள். அம்மாவோ, "தனியாவா? அவ்வளவு தூரமா? பேச்சே கிடையாது" என்றுவிட்டாள். அதனால், எதிர்வீட்டுத் தோழியோடு தங்கிப் படிப்பதாகச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அதைத் தோழிக்குச் சொல்ல வேண்டுமே! போனில் பேசினால் அம்மாவின் காதுக்குப் போய்விடும். இன்றைய ரகசியப் பூட்டுகள் வெறும் கடினமான கணக்குகள்தாம், நாளைய குவாண்டம் கணினி அவற்றை ஊதித் தள்ளிவிடலாம், ஆனால் ஒளித்துகளில் அனுப்பும் சாவியை நடுவில் யாராவது எட்டிப் பார்த்தால் துகள் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? உடனே, ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் அப்பாவின் வெயில் கண்ணாடி வில்லைகளைக் கழற்றி, ஒன்றைத் தோழியிடம் கொடுத்தேன். (அப்போதே காதில் சொல்லியிருக்கலாம் என்பதும், ஒவ்வொன்றாக வர வேண்டிய துகள்கள் டார்ச்சில் கோடிக்கணக்கில் வரும் என்பதும் தெரியும், திட்டாதீர்கள்.) அப்பா வெறும் சட்டத்தை மாட்டிக்கொண்டு, "இன்னைக்கு வெயில் ரொம்பக் கூசுதே" என்றபடி பஸ் ஓட்டப் போனார்.

இருட்டியதும் வில்லையை நேராகவோ சாய்வாகவோ பிடித்து, அதன் வழியாக டார்ச்சை மினுக்கினேன்; இரண்டு விதத்திலும் ஒரு பக்கம் திருப்பினால் பூஜ்யம், மறுபக்கம் திருப்பினால் ஒன்று. எதிர் ஜன்னலில் தன் வில்லையை இஷ்டப்படி திருப்பிப் பார்ப்பது அவள் வேலை. பிறகு, பூஜ்யமா ஒன்றா என்பதை விட்டுவிட்டு, நான் வில்லையைப் பிடித்த விதத்தை மட்டும் உரக்கச் சொன்னேன். "நேர்! சாய்வு! சாய்வு!" தெருவே கேட்கலாம், அதுதான் இம்முறையின் அழகு. கீழ்வீட்டுத் தையல்காரர் தலையை நீட்டி, "என்ன பாப்பா சாயுது? வந்து பிடிக்கட்டுமா?" என்றார். இருவரும் ஒரே மாதிரிப் பிடித்த இடங்களில் எதிர் டார்ச் மினுக்கியது; அந்த இடங்களின் எண்கள்தாம் சாவி. அவற்றில் சிலவற்றைச் சோதித்தோம்; ஒரு பிழைகூட இல்லை! ஒட்டுக்கேட்பவர் எவருமில்லை என்று அர்த்தம். அந்தச் சாவியால் என் திட்டம் முழுவதையும் பூட்டி, எண்களாகக் கூவினேன். "ஏலமா பாப்பா?" என்றார் தையல்காரர்.

ஆகவே நீங்களும் அம்மாவிடம் மூச்சு விடாதீர்கள். சித்தப்பாவுக்கும் உங்கள் கருவிகள் அனைத்துக்கும் என் வணக்கம்.

உங்கள் அன்பு மகள்

பி.கு.: சித்தி, மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். தோழிக்குக் காய்ச்சலாம். நர்ஸான நம் அம்மாதான் அவளுக்கு ஊசி போடப் போயிருக்கிறாள்; அம்மாவின் கையிலேயே டார்ச்சையும் வில்லையையும் திணித்து, செய்முறையையும் சொல்லிவிட்டுத் தூங்கிப்போயிருக்கிறாள். "நடுவுல எவன் பாக்குறான்னு அவ்வளவு சோதிச்சியே, அந்தப் பக்கம் யாருன்னு கேட்டியாடி?" என்று அம்மா சிரிக்கிறாள். என்னை அனுப்பச் சம்மதித்துவிட்டாள். ஆனால் அவளும் கூட வருகிறாள். உங்கள் ஆய்வகத்தில் இதை யாராவது கேட்கிறார்களா என்று பார்க்க வேண்டுமாம்.