கிளியோடு பேரம்

"இனிமேல் என் மக இந்தப் பள்ளிக்கூட வாசலை மிதிக்க மாட்டா!" என்று நான் சூளுரைத்தபோது அந்த அறையில் ஹெட்மாஸ்டர் பொன்னுராஜ் இருந்தார். ஓர் உலக உருண்டை இருந்தது. சுவரில் தேசத் தலைவர்கள் வரிசையாக இருந்தார்கள். ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை.

நான் பிச்சை முகம்மது. ராஜபாளையத்தில் மில்லில் மிஞ்சுகிற கழிவுப் பஞ்சை வாங்கி விற்கிறவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியது. மீதிப் படிப்பையெல்லாம் லாரி ஷெட்டிலும் எடை மேடையிலும் அடிபட்டுப் படித்தேன். சொன்ன விலைக்கு ஒரு சாமான் வாங்கினால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. ஒரு தடவை டாக்டர் என் காய்ச்சலைப் பார்த்து நூற்றிரண்டு என்றார். "நூறுன்னு வச்சுக்குவோம் டாக்டர், நமக்குள்ள என்ன!" என்றேன்.

இப்படிப்பட்டவனிடம் மகளின் மார்க் ஷீட்டைக் கொடுத்தால் என்ன ஆகும்? அசீனா ஐந்தாம் வகுப்பு. கணக்கில் முப்பத்திரண்டு. நேரே போய் ஹெட்மாஸ்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

"சார், முப்பத்திரண்டு பார்க்க நல்லாயில்ல. நாப்பத்தஞ்சாப் போட்டுருங்க."

"என்ன பாய் சொல்றீங்க?"

"சரி, உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். முப்பத்தெட்டுக்கு முடிச்சுக்குவோம்."

"பாய், இது பள்ளிக்கூடம். பஞ்சு குடோன் இல்ல."

"குடோன்ல இப்படி ஒரே பிடியா நின்னா ஈ காக்கா உள்ள வராது சார்!"

"வராட்டா போகுது. எந்திரிங்க."

எந்திரிங்க! என்னைப் பார்த்து! மில் முதலாளிகளே எனக்கு நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். ரத்தம் உச்சந்தலைக்கு ஏறியது. அப்போதுதான் மேலே சொன்ன சூளுரை.

வீட்டுக்கு வந்து மெகராஜிடம் சொன்னேன். மெகராஜ் பேகம் என் பெஞ்சாதி. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. நான் கிழக்கே என்றால் மேற்கே சூரியன் உதிப்பதைக் கூட்டிப் போய்க் காட்டுகிற ரகம். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"சரிங்க."

அந்த ஒரு வார்த்தைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் கோட்டை விட்டேன்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். உலகமே கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்று பிதற்றிக்கொண்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஐயாதுரை என்றொருவர் புதிதாகக் கம்ப்யூட்டர் கடை போட்டிருந்தார். அவர் சொன்னார்: "பாய், பள்ளிக்கூடமே வேண்டாம். டெலிபோன் வயரை இதுல சொருகுனா சென்னையில இருந்து பாடம் வரும். வீட்டுப் பள்ளின்னு பேரு. ஒரு கிளி வந்து சொல்லிக் கொடுக்கும்."

"கிளியா?"

"ஆமா பாய். படத்துல வார கிளி. திட்டாது, அடிக்காது, லீவு போடாது."

"மார்க்கு?"

"வாரிக் கொடுக்கும்."

உட்கார்ந்து பேரம் பேசினேன். ஐயாதுரை முதலில் சிரித்தார். பிறகு வேர்த்தார். பிறகு, தன் பிள்ளைகளும் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். கடைசியில் கம்ப்யூட்டரோடு மேலே மூடுகிற பூப்போட்ட உறையையும் ஒரு ஸ்டூலையும் இலவசமாக வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன்.

முதல் நாள். வயரைச் சொருகியதும் பெட்டிக்குள்ளிருந்து கிய்யா முய்யா என்று ஒரு சத்தம். அசீனா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தா, சென்னையில யாரையோ அடிக்கிறாக."

"அது லைன் சேருற சத்தம் தாயி."

கிளி வந்தது. மொத்தமாக வரவில்லை. முதலில் கொண்டை. நாங்கள் டீ குடித்து முடித்தபோது மூக்கு. வால் வருவதற்குள் சாயங்கால அசர் தொழுகைக்குப் போய்விட்டு வந்துவிட்டேன். முழுசாக வந்ததும் கிளி ஒரு பலகையைத் தூக்கிக் காட்டியது. ஏழு பெருக்கல் எட்டு எவ்வளவு?

அசீனா விழித்தாள். பயந்துகொண்டே நாற்பது என்று தட்டினாள்.

கிளி தலையை ஆட்டியது. 'தவறு. மீண்டும் முயற்சி செய்.'

நான் ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்தேன். "பார்த்தியா? மீண்டும் முயற்சி செய்யாம்! உங்க வாத்தியாரு என்ன செய்வாரு?"

"சுழிச்சிருவாரு அத்தா."

"இவன் சுழிக்கலையே! பேச்சு வார்த்தைக்கு வாரான்! ஏ புள்ள, இது யாவாரம் தெரிஞ்ச கிளி. கொஞ்சங் கொஞ்சமா ஏத்து. எடுத்த எடுப்புல கூட்டிக் கேட்டுராத. நாப்பத்தஞ்சு போடு."

'தவறு. மீண்டும் முயற்சி செய்.'

"அம்பது."

'தவறு.'

"விடாத. ஒண்ணு ஒண்ணா ஏறு. அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே ஏறு."

ஐம்பத்தாறில் கிளி படிந்தது. சிறகை விரித்து ஒரு குதி குதித்தது. 'மிகச் சரி!' திரையெல்லாம் நட்சத்திரம். நானும் அசீனாவும் கட்டிப் பிடித்துக்கொண்டோம். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மெகராஜ் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அசீனாவைப் பிடிக்க முடியவில்லை. எல்லாப் பாடத்திலும் நூற்றுக்கு நூறு. நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நாலு கடையும் ஏறி இறங்கி நல்லதாகப் பார்த்து எடுப்பாள். திருவள்ளுவர் எழுதியது எது என்று கேட்டால் மிச்ச மூன்றையும் அவரை வரிசையாக எழுத வைத்துப் பார்த்துவிட்டுத்தான் திருக்குறளுக்கு வருவாள். வகுப்பில் முதல் ராங்க் அவள்தான். வகுப்பில் அவள் ஒருத்திதான் என்பது வேறு விஷயம்.

சின்னச் சின்னக் குறைகள் இருந்தன. கம்ப்யூட்டர் ஓடுகிறபோது டெலிபோன் ஓடாது. என்னிடம் பஞ்சு வாங்குகிற செட்டியார்பட்டி பார்ட்டி இரண்டு நாள் போன் அடித்துப் பார்த்துவிட்டு, நான் மவுத்தாகிவிட்டேன் என்று நினைத்து மாலையோடு வந்துவிட்டார். மாலை பெரிசாக இருந்தது. வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை.

பிள்ளையும் ஒரு மாதிரி ஆகிவிட்டாள். ஒரு நாள் பார்க்கிறேன், கம்ப்யூட்டர் முன்னால் ஒரு விரலைத் தூக்கிக்கொண்டு நெளிந்துகொண்டிருக்கிறாள்.

"என்ன தாயி?"

"ஒண்ணுக்குப் போணும் அத்தா. கிளி விட மாட்டேங்குது."

"நீ பாட்டுக்குப் போயேன்!"

"கேக்காமப் போகலாமா?" என்றாள். போய்விட்டு வந்து, "செல்லக்கனி கூட இருந்தா ரெண்டு பேரும் சேந்து போவோம். இந்தக் கிளி கூட எங்கயும் போக முடியாது" என்று முகத்தைத் தொங்கப் போட்டாள். செல்லக்கனி அவள் பக்கத்துப் பெஞ்சு. இடைவேளையில் நெல்லிக்காயைப் பாதி கடித்துக் கொடுக்கிற சிநேகிதி.

நானே நெல்லிக்காய் வாங்கி வந்து கொடுத்தேன். ஆனால் சூளுரை இருக்கிறதே! விட்டுக் கொடுப்பேனா?

ஒரு வெள்ளிக்கிழமை. பிரியாணி தின்றுவிட்டு நான் சாய்ந்திருந்தேன். மெகராஜ் வெற்றிலையை மடித்துக்கொண்டே கூப்பிட்டாள்.

"ஏட்டி அசீனா, இங்க வா. ஏழெட்டு எம்புட்டு?"

அசீனா இடுப்பில் கை வைத்தாள். "நீங்க எம்புட்டு எதிர்பாக்கீக?"

"என்னது?"

"ஒரு முப்பதுல ஆரம்பிக்கட்டாம்மா?"

மெகராஜ் என்னைப் பார்த்தாள். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

"நீங்க கேளுங்க" என்றாள்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். "தாயி, நல்லா யோசிச்சுச் சொல்லு. ஏழெட்டு?"

"நாப்பது?"

"ம்ஹும்."

"நாப்பத்தெட்டு?" என்றவள் என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். "அத்தா, உங்க புருவம் ஏறுது. கிட்ட வந்துட்டேன். அம்பத்திரண்டு? மீசை துடிக்குது. அம்பத்தஞ்சு? அம்பத்தாறு! ஆங், சிரிச்சிட்டீக!"

என்ன கெட்டிக்காரத்தனம்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. மெகராஜுக்குத் தாங்கியது.

"சிரிங்க. நாளைக்கு நிக்காஹுல சம்மதமான்னு கேப்பாக. உங்க மக, 'கால்வாசி சம்மதம், மீதிய நீங்க ஏறி வாங்க'ம்பா. அப்பயும் இப்படியே சிரிங்க."

"இப்ப என்னட்டி செய்யணும்ங்கிற?"

"இவளப் பாளையங்கோட்டை ஹாஸ்டல்ல சேத்துருவோம்."

"ஹாஸ்டலா? பிள்ளையப் பாக்காம நான் எப்படி இருப்பேன்? நடக்காது."

"அப்பச் சரி. நானும் அவளும் ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்க அம்மா வீட்டுல இருந்துக்கிறோம். அங்க படிக்கட்டும்."

"எனக்குச் சோறு?"

"கிளி பொங்கிப் போடும்."

நான் பேரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவன். எதிராளி ஒரு படி இறங்கிவிட்டாள். இன்னும் ஓர் அழுத்து அழுத்தினால் படிந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியாதா?

"ரெண்டும் கெடையாது. வேணும்னா பழைய பள்ளிக்கூடம். அதுக்கு மேல ஒரு அடி நகர மாட்டேன்!"

மெகராஜ் பதறினாள். "பழைய பள்ளிக்கூடமா? அது எப்படிங்க? அவ்வளவு பேசிட்டு வந்திருக்கீக. அந்தப் பொன்னுராஜ் சார் ஒத்துக்கிடவே மாட்டாரு. அவரெல்லாம் உங்களால படிய வைக்க முடியாது. வேண்டாங்க."

"யாரால? என்னாலயா?"

"ஆமா. அவரு கெட்டி."

சட்டையை மாட்டினேன். அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டாயிற்று என்று கழற்றினேன்.

திங்கள்கிழமை. ஹெட்மாஸ்டர் அறை. மனசுக்குள் மூன்று நிபந்தனை வைத்திருந்தேன். ஒன்று கிடைத்தால் லாபம், இரண்டு கிடைத்தால் கொள்ளை லாபம். நான் கதவைத் தட்டியதும் பொன்னுராஜ் எழுந்து நின்றார். வாங்க பாய், வாங்க பாய் என்று என்னை ஃபேனுக்கு நேர் கீழே உட்கார வைத்தார். ஃபேனை முழு வேகத்தில் வைத்தார். பியூன் ஒரு சொம்பு மோரைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, வெளியே போகாமல் கதவோரமே நின்றுகொண்டான்.

"சார், என் மகளத் திரும்பச் சேக்கணும்."

"தாராளமா."

"சும்மா இல்ல. நிபந்தனை இருக்கு."

"இருக்கணும் பாய். மோரு குடிங்க."

"அன்னைக்கு எந்திரிங்கன்னு சொன்னதுக்கு நீங்க வருத்தம் தெரிவிக்கணும்."

"ரொம்ப வருத்தம்."

பட்டென்று சொல்லிவிட்டார். எனக்கு மூச்சு வாங்கியது. "அடுத்து, வாசலை மிதிக்க மாட்டான்னு நான் சொல்லிட்டேன். அதனால அவ பக்கத்து கேட்டு வழியாத்தான் வருவா."

"பூட்டத் தொறந்து விடச் சொல்லுதேன். இல்லாட்டா சுவத்த இடிச்சுருவோம் பாய், அதுக்கென்ன!"

"அந்தக் கணக்கு மார்க்கு. முப்பத்தெட்டு."

"முப்பத்தெட்டு எதுக்கு? நாப்பதுன்னே வச்சுக்கோங்க. மோரு இன்னுங் கொஞ்சம்?"

கேட்டதற்கு மேல் கொடுக்கிறார்! என் தொழிலில் நான் பார்த்திராத காட்சி. ஜெயித்த மயக்கத்தில் எழுந்தேன். பொன்னுராஜ் என் தோளில் கை போட்டு வாசல் வரை மெதுவாக நடத்திக் கொண்டுவந்து விட்டார். பியூன் மூன்றடி தள்ளிப் பின்னாலேயே வந்தான்.

"பாய், உச்சி வெயில்ல அலையாதீங்க. மருந்த மட்டும் நிறுத்திராதீங்க" என்றார் பொன்னுராஜ்.

"என்ன மருந்து?"

"ஆமா ஆமா, மருந்தே இல்ல. நீங்க சொன்னாச் சரிதான்" என்று மடமடவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. அசீனா அதற்குள் யூனிபாரத்தைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். செல்லக்கனியிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் கண்ணாடியிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி மெகராஜு! என்னட்டி சொன்ன அந்த ஹெட்மாஸ்டர்கிட்ட?"

மெகராஜ் பருப்பைக் கடைந்துகொண்டே சொன்னாள். "நீங்க சண்டை போட்ட மறுநாளே போனேன். பிள்ளை பேர எடுத்துராதீக, அவுகளுக்கு வெயில்ல சூடு தலைக்கு ஏறிப் போச்சு, வைத்தியம் நடக்குது, தெளிஞ்சதும் அவுகளே கூட்டிட்டு வருவாகன்னு சொன்னேன்."

"அடிப்பாவி!"

"எதுத்துப் பேசினாக் கடிச்சு வச்சிருவாகன்னும் சொன்னேன்."

"கடிப்பேனா? நானா?"

"கொஞ்சம் கூட்டித்தானங்க சொல்லணும். அவரு பாதியாவது நம்புவாருன்னு பார்த்தேன். முழுசையும் நம்பிட்டாரு."

"ஊரெல்லாம் என்னைப் பைத்தியம்னு நெனைக்கும்டி! இப்பவே போறேன்! அந்தப் பள்ளிக்கூடத்த ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வாரேன்!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுச் சன்னல்கள் திறந்தன.

"போங்க" என்றாள் மெகராஜ். "போய் இதே மாதிரி கத்துங்க. அப்பத்தான் உங்களுக்குத் தெளிஞ்சிருச்சுன்னு அவரு நம்புவாரு."

இரண்டு பக்கமும் அடைத்துவிட்டாள். கோபப்பட்டால் சூடு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். கோபம் இல்லாமல் நான் எப்படிப் பேரம் பேசுவேன், எப்படிப் பிழைப்பேன்?

வேறு வழியில்லை. மறுநாளிலிருந்து காலையில் அசீனாவைப் பள்ளிக்கூடத்தில் விடும்போது எல்லோரையும் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தேன். பியூனைப் பார்த்துச் சிரித்தேன். மற்ற பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற தாய்மார்களைப் பார்த்துச் சிரித்தேன். பொன்னுராஜையே பார்த்துக் காது வரை சிரித்தேன்.

அவர் பியூன் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது.

"பாவம்யா, முத்திப் போச்சு."